ஏழாவது கணக்கு

புக்கிட் மெராந்தி ஸ்டேஷன்,
சிகாமட் வழி.
12 செப்டம்பர் 1928

அன்புள்ள மச்சான் சபாபதி அவர்களுக்கு,

ஒன்பது நாள் ஆலோசனைக்குப் பிறகு, மகள் பேச்சியம்மாளுக்கு இனி இரட்டைப் பின்னல் இல்லை, ஒற்றைப் பின்னல்தான் என்று நேற்று மாலை முடிவாயிற்று. குனிந்து எழுதும்போது முன்னால் விழும் பின்னல் ஈர மையைக் கலைத்துவிடும் என்பது என் கட்சி. ஒற்றைப் பின்னலில் பெண் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போல இருப்பாள் என்பது தங்கள் தங்கை கருப்பாயியின் கட்சி. விஷயத்தை ஸ்டேஷன் மாஸ்டர் ஐயாசாமி அவர்களிடம் கொண்டுபோனோம். ரயில்வே விதிப்புத்தகத்தில் இல்லாத எதைப் பற்றியும் அவர் பதினான்கு வருஷமாகக் கருத்துச் சொன்னதில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டார். பிறகு, விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை என்று மட்டும் சொன்னார். அதை என் பக்கத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன்.

பின்னலுக்குக் காரணம் பரீட்சை. சிகாமட்டில் பேச்சி படிக்கும் ஆங்கிலப் பள்ளி நான்காம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்பு இல்லாத ஊரில் ஐந்தாம் வகுப்பு படிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கருப்பாயியின் சொந்தத்தில் இரண்டு பேர், அப்படியானால் பெண் வீட்டோடு இருக்கட்டும், மூன்று வருஷத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். முடிப்பது என்று அவர்கள் சொல்வது கல்யாணத்தை.

தாங்கள் தலைமைக் கிராணியாக அலுவலக வேலை பார்க்கும் மிஸ் பிரெட்டன் பெண்கள் பாடசாலையில் தங்கிப் படிக்க நுழைவுப் பரீட்சை வைப்பதாகவும், அது நவம்பர் பத்தாம் தேதி என்றும் அறிந்து மனுப் போட்டிருக்கிறேன். பேச்சியின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வராமல் போய் மூன்று வருஷமாகிறது. அதன் பிறகு நம் இரு வீட்டுக்கும் நடுவே கடிதமும் இல்லை. அதைப் பற்றி நான் எழுதவில்லை. கருப்பாயி எழுதச் சொன்னாள், எழுதவில்லை.

ஒன்றுதான் கேட்கிறேன். இவள் என் தங்கை மகள் என்று தலைமையாசிரியை மிஸ் பிரெட்டனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கனகராஜ்
ஸ்டேஷன் கிராணி


ஜோகூர் பாரு
19 செப்டம்பர் 1928

மாப்பிள்ளை கனகராஜ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பெறப்பட்ட தேதியைக் குறித்துக் கோப்பில் வைத்தேன்.

காதுகுத்து அன்று கல்வி இன்ஸ்பெக்டர் பாடசாலைக்கு வந்திருந்தார். இதை 1925ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே தெரிவித்தேன். அதற்குப் பதில் வரவில்லை.

தாங்கள் கேட்கும் ஒரு வார்த்தையை நான் சொல்வதற்கில்லை. சொன்னாலும் பயனில்லை என்பதுதான் இந்தப் பரீட்சையின் சிறப்பு. கேள்வித்தாள் சிங்கப்பூரிலிருந்து சிவப்பு அரக்கு முத்திரையோடு வருகிறது. நான்கு ஊர்களில் நான்கு பள்ளிகளில் ஒரே நாள், ஒரே மணிக்கு அதே தாளின் முத்திரையை உடைக்கிறார்கள். விடைத்தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். திருத்துகிறவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வக்கீல் மகள் எண் ஒன்பது. தங்காக் துணிக்கடை முதலாளி மகள் இருபத்திரண்டு. ஒன்பதுக்கும் இருபத்திரண்டுக்கும் அப்பா யார் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

இதைத் தாங்கள் கல்மனம் என்று நினைக்கக்கூடும். எனக்கு இந்த நாற்காலி எப்படிக் கிடைத்தது என்று கருப்பாயிக்குத் தெரியும். யோங் பெங் தோட்டத்துத் துரை ஒரு கடிதம் கொடுத்தார். இந்தப் பையன் நாணயமானவன், குடிக்கமாட்டான் என்று இரண்டே வரி. அப்போது எனக்கு வயது பதினாறு. இரண்டில் எதையும் யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. இருபது வருஷமாக அந்த இரண்டு வரியையும் நான் தினம் நிரூபித்து வருகிறேன். பரீட்சை எழுதி உள்ளே வருகிறவள் அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பேச்சியம்மாள் அப்படி வரட்டும்.

இடம் ஆறு. மனு நாற்பத்தொன்று. நூற்றுக்கு அறுபது வாங்கினால்தான் தேர்ச்சி. ஆறு பேர் தேறாவிட்டால் கட்டில் காலியாகக் கிடக்கும்.

பரீட்சை நாளன்று குழந்தை என்னை மாமா என்று கூப்பிடாதபடி சொல்லிவைக்கவும்.

இப்படிக்கு,
எஸ். சபாபதி
தலைமைக் கிராணி


புக்கிட் மெராந்தி ஸ்டேஷன்
25 செப்டம்பர் 1928

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைக் கருப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணன் மாறவே இல்ல" என்றாள். அது புகாரா பெருமையா என்று கேட்டேன், அரிசி களையப் போய்விட்டாள்.

இனி எதையும் கேட்கமாட்டேன். மாமா என்று கூப்பிட வேண்டாம் என்பதைப் பேச்சியிடம் சொன்னேன். மூன்று வருஷமாகப் பார்க்காத ஒருவரை அப்படிக் கூப்பிடும் எண்ணம் தனக்கு இல்லை என்றாள். குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

படிப்பு நடக்கிறது. பள்ளி விட்டு மாலை வண்டியில் இறங்கியதும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். இங்கே பாதை ஒன்றுதான் என்பது தங்களுக்குத் தெரியும். வண்டி ஓட்டுகிறவன் கையில் பித்தளை டோக்கன் இல்லாமல் எந்த வண்டியும் அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்பட முடியாது. இங்கே ஒரு கருவி, அடுத்த ஸ்டேஷனில் ஒரு கருவி, இரண்டுக்கும் கம்பித் தொடர்பு. ஒன்றிலிருந்து ஒரு டோக்கன் வெளியே வந்துவிட்டால் அது திரும்பவும் ஏதாவது ஒரு கருவிக்குள் போகும்வரை இரண்டும் வாயைத் திறக்காது. பேச்சிக்கு நாலு வயதிலிருந்து இது பழக்கம். மற்றப் பிள்ளைகள் மணிக்கூண்டைப் பார்ப்பதுபோல் அவள் அந்தக் கருவியைப் பார்ப்பாள். நான் டோக்கனை வளையத்தில் மாட்டிக்கொண்டு நடைமேடைக்குப் போனால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று அடுத்த ஸ்டேஷன் மணி அடித்த பிறகுதான் மறுபடி எடுப்பாள். இதனால் மாலையில் இருபது நிமிஷம் வீணாகிறது. எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை.

கனகராஜ்


புக்கிட் மெராந்தி ஸ்டேஷன்
12 நவம்பர் 1928

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

சனிக்கிழமை பாடசாலை வாசலில் தாங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு பதினேழு என்று கூப்பிட்டதையும், பேச்சி "வந்திருக்கேன் சார்" என்று சொன்னதையும் கருப்பாயியிடம் சொன்னேன். அண்ணன் இளைத்திருந்தாரா என்று மூன்று தரம் கேட்டாள். கோட்டுப் போட்டிருந்ததால் தெரியவில்லை என்றேன்.

எப்படி எழுதினாய் என்று திரும்பும் வழியில் கேட்டேன். எல்லாம் எழுதிவிட்டேன், ஏழாவது கணக்கில் மட்டும் ஒரு தப்பு இருந்தது என்றாள். நீ செய்த தப்பா என்றேன். கேள்வியில் என்றாள். அச்சுப் பிழையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கனகராஜ்


ஜோகூர் பாரு
30 நவம்பர் 1928

மாப்பிள்ளை அவர்களுக்கு,

முடிவுப் பட்டியல் இன்று பலகையில் ஒட்டப்பட்டது. தேறியவர்கள் ஐந்து பேர். எண் பதினேழு ஐம்பத்து நான்கு மதிப்பெண். தேறவில்லை.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்க வேண்டும். ஆனால் விடைத்தாள்களை அடுக்கி வைப்பது என் வேலை. அடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று விதியில் இல்லை. பட்டியல் ஒட்டப்பட்ட பின் அவை ரகசியமும் இல்லை. ஆகவே தெரிவிக்கிறேன்.

ஏழாவது கணக்கு இது: ஏ என்ற ஊருக்கும் பி என்ற ஊருக்கும் அறுபது மைல். காலை ஒன்பது மணிக்கு ஏயிலிருந்து ஒரு ரயில் மணிக்கு முப்பது மைல் வேகத்தில் பியை நோக்கிப் புறப்படுகிறது. அதே நேரம் பியிலிருந்து இன்னொரு ரயில் அதே பாதையில் மணிக்குப் பதினைந்து மைல் வேகத்தில் ஏயை நோக்கிப் புறப்படுகிறது. இரண்டும் எப்போது சந்திக்கும்? எட்டு மதிப்பெண்.

பதினேழின் விடை இது: "இவை சந்திக்கமாட்டா. பாதை ஒன்று என்பதால் ஏயில் டோக்கன் கொடுத்துவிட்டால் பியில் கருவி திறக்காது. முதல் வண்டி பதினொரு மணிக்குப் பி வந்து சேரும். டோக்கனைத் திரும்பப் பெற்ற பிறகு இரண்டாவது வண்டி புறப்படும். அது ஏ போய்ச் சேரும்போது மாலை மூன்று மணிக்கு மேல் ஆகும். பயணிகளுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்."

பக்கத்தில் சிவப்பு மையில் "அபத்தம்" என்று எழுதிப் பூஜ்யம் போட்டிருக்கிறது. மற்ற நாற்பது பேரில் முப்பத்திரண்டு பேர் இரண்டு ரயில்களையும் பத்து மணி இருபது நிமிஷத்துக்கு மோதவிட்டு எட்டு மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள்.

பாடசாலை விதி ஒன்பதின்படி, பெற்றோர் எழுத்து மூலம் கேட்டால் ஒரு விடையைத் தலைமையாசிரியை தாமே மறுபடி பார்க்கலாம். பட்டியல் ஒட்டிய ஏழு நாளுக்குள் மனு அலுவலகத்தில் கிடைக்க வேண்டும். டிசம்பர் ஏழு, மாலை நான்கு மணி. இந்த விதியை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. மனுக் கொடுக்கும்படி நான் சொல்லவில்லை. விதி இருக்கிறது என்று சொல்கிறேன்.

எஸ். சபாபதி


புக்கிட் மெராந்தி ஸ்டேஷன்
4 டிசம்பர் 1928

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

மனு இதோடு இருக்கிறது. நாலு நாள் ஆனதற்குக் காரணம், நல்ல ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதும், கோபம் தெரியக்கூடாது என்பதும். இரண்டும் சேர்ந்து வர ஐந்து பிரதி ஆயிற்று.

ஏன் இப்படி எழுதினாய் என்று பேச்சியை நான் கேட்கவில்லை. அந்த இடத்தில் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. அறுபது மைலுக்கு நடுவே வண்டிகள் விலகிக்கொள்ள ஒரு கிராசிங் ஸ்டேஷன்கூட இல்லாத பாதையை யார் போட்டது? அந்த ஏ, பி ஊர்களில் வேலை பார்க்கும் இரண்டு கிராணிகளையும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கேள்வியையும் விடையையும் ஐயாசாமி அவர்களிடம் காட்டினேன். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். "பயணிகளுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்" என்ற இடத்தில் விரலை வைத்து, "இத நம்ம ஆளுங்களே மறந்துடுவாங்கய்யா" என்றார். தம் விதிப்புத்தகத்தைத் திறந்து ஒற்றைப் பாதை பற்றிய மூன்று விதிகளையும் தம் கையாலேயே நகல் எடுத்தார். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார்: இந்த மாணவியின் விடை நடப்பிலுள்ள விதிகளுக்கு உட்பட்டது. பதினான்கு வருஷத்தில் அவர் எழுதிக் கொடுத்த முதல் கருத்து இது.

இரண்டு நாளாக விடாத மழை. சிகாமட் ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது. தபால் வண்டி எப்போது கிளம்பும் என்று சிகாமட்டுக்கே தெரியவில்லை. ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. பாதை திறந்ததும் முதலில் வரும் வண்டியின் கார்டு கையில் கொடுக்கிறேன்.

பேச்சி படிப்பதை நிறுத்திவிட்டாள். அம்மாவோடு சேர்ந்து வீட்டு வேலை செய்கிறாள். நன்றாகச் செய்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

கனகராஜ்


ஜோகூர் பாரு
17 டிசம்பர் 1928

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நடந்தவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். கருப்பாயிக்கு வாசித்துக் காட்டவும்.

டிசம்பர் ஏழாம் தேதி மாலை மூன்று நாற்பதுக்குக் கார்டு உடையில் ஒருவர் முழங்கால்வரை சேறோடு அலுவலகத்துக்குள் வந்தார். பெயர் லெட்சுமணன் என்றார். வெள்ளத்துக்குப் பிறகு கெமாஸிலிருந்து வந்த முதல் வண்டி அவருடையதுதானாம். உறையை மேசையில் வைத்துவிட்டு, "கிராணி பொண்ணு விஷயமாமே, லைன்ல எல்லாருக்கும் தெரியும்" என்றார். நேரத்தைக் குறித்து முத்திரை போட்டேன். நான்கு மணிக்கு உண்மையிலேயே மூடியிருப்பேனா என்று என்னைக் கேட்க வேண்டாம். அந்த நிலை வரவில்லை.

மிஸ் பிரெட்டன் மனுவைப் படித்தார். ஸ்டேஷன் மாஸ்டரின் மூன்று விதிகளையும் படித்தார். சிங்கப்பூருக்குத் தந்தி கொடுத்தார். விடை பத்து இருபது, மாற்றுவதற்கில்லை என்று பதில் வந்தது. பதினைந்தாம் தேதி குழந்தையை நேரில் வரச் சொன்னார். அதற்குப் பிறகு நடந்தது தங்களுக்கு முழுதாகத் தெரியாது. தங்களை வெளி வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள்.

முதலில் மிஸ் ஆங்கிலத்தில் கேட்டார். கருவி பழுதானால் என்ன செய்வது? ஒரு வண்டியை நிறுத்திவைத்து, ஓர் ஆளை எழுத்து உத்தரவோடு மற்ற வண்டியில் அனுப்ப வேண்டும் என்றாள். அந்த ஆள் வராவிட்டால்? வரும்வரை நிற்க வேண்டும். ஒரு நாள் முழுக்க வராவிட்டால்? ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். மிஸ் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருஷத்தில் நான் கண்டவரை, அவர் அதைக் கழற்றுவது இரண்டு காரணத்துக்காக மட்டுமே. ஒன்று தூக்கம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். குழந்தைக்குக் கணக்குத் தெரியாமல் ரயில்வே விதியின் பின்னால் ஒளிகிறாளா என்று அறிய வேண்டும், அவள் மொழியிலேயே கேளுங்கள் என்றார். கேட்டேன்.

"ஏம்மா, ஒருவேளை சந்திச்சா, எத்தனை மணிக்குச் சந்திக்கும்?"

"பத்து இருவதுக்கு சார். ஏயிலேருந்து நாப்பதாவது மைல்ல."

"தெரிஞ்சும் ஏன் எழுதல?"

ஒற்றைப் பின்னலை முதுகுக்குத் தள்ளிவிட்டாள். பிறகு சொன்னாள். "ரெண்டு பக்கமும் டோக்கன் குடுத்தாத்தான் சார் சந்திக்கும். எங்கப்பா குடுக்க மாட்டாங்க."

நான் இந்தப் பாடசாலையில் சுற்றறிக்கைகள், மனுக்கள், ஒரு முறை சுல்தான் அரண்மனையிலிருந்து வந்த கடிதம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்திருக்கிறேன். இந்த ஒரு வரியை மொழிபெயர்க்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். மிஸ் பிரெட்டன் தாமே எழுந்து ஊற்றிக் கொடுத்தார்.

விதி ஒன்பதின்படி தலைமையாசிரியையின் முடிவே இறுதியானது. எட்டுக்கு ஏழு மதிப்பெண் போட்டார். விடைக்கு வந்த வழியைக் காட்டாததற்காக ஒன்று குறைத்தார். மொத்தம் அறுபத்தொன்று. ஆறாவது கட்டில் எண் பதினேழுக்கு. இனிமேல் கேள்வியில் ரயில் வந்தால் எத்தனை பாதை என்பதையும் குறிப்பிடுமாறு சிங்கப்பூருக்கு ஒரு கடிதம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

பிறகு சேர்க்கைப் படிவம். தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஊரிலேயே ஒரு பாதுகாவலர் இருக்க வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று மிஸ் கேட்டார். படிவத்தை என் பக்கம் திருப்பி, பெயர், விலாசம் எழுதி, உறவு என்ற இடத்தில் தாய்மாமன் என்று நிரப்பிக் கையெழுத்திட்டேன். மிஸ் பிரெட்டன் அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். முன்பே சொல்லியிருக்கலாமே, மிஸ்டர் சபாபதி என்றார். கேட்கப்படவில்லை, மேடம் என்றேன்.

வெளியே வரும்போது வராந்தா மூலையில் குழந்தை நின்று, "இப்ப மாமான்னு கூப்பிடலாமா சார்?" என்று கேட்டாள். பட்டியல் திருத்தி ஒட்டப்பட்ட பிறகு கூப்பிடலாம் என்றேன். ஒட்டுவதற்கு அரை மணி ஆயிற்று. பசை காய்ந்திருந்தது. அந்த அரை மணியும் அவள் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஒட்டி முடித்ததும் கூப்பிட்டாள். இதைக் கருப்பாயிக்கு இரண்டு தரம் வாசிக்கவும்.

பரீட்சையைப் பற்றி நான் செப்டம்பரில் எழுதியதில் ஒரு வரியையும் மாற்றிக்கொள்ளவில்லை. எண் பதினேழு யார் மகள் என்று தெரியாமலேதான் பூஜ்யம் போட்டார்கள். யார் மருமகள் என்று தெரியாமலேதான் ஏழும் போட்டார்கள். அவளுக்கு யாரும் இரண்டு வரி எழுதிக் கொடுக்கவில்லை. ஐயாசாமி அவர்கள் எழுதியது ரயிலைப் பற்றி. அவளைப் பற்றி அல்ல.

ஜனவரி ஏழாம் தேதி பாடசாலை திறக்கிறது. கொண்டுவர வேண்டியவை: வெள்ளைக் கவுன் நான்கு, கொசுவலை ஒன்று, போர்வை இரண்டு, பல்விளக்கும் பிரஷ் ஒன்று. வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து ஒரு ஜோடியும் வேண்டும். சப்பாத்தைத் தாங்கள் வாங்க வேண்டாம். அதைத் தாய்மாமன் வாங்குவான். காலளவை மட்டும் எழுதி அனுப்பவும்.

அன்புடன்,
சபாபதி


புக்கிட் மெராந்தி ஸ்டேஷன்
21 டிசம்பர் 1928

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இரண்டு தரம் வாசிக்கச் சொன்னீர்கள். நான்கு தரம் வாசித்தேன். மூன்றாவது தரம் ஐயாசாமி அவர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார். மருமகளுக்குச் செய்யும் முறையை அண்ணன் சப்பாத்திலிருந்து தொடங்குகிறார் என்று கருப்பாயி சொன்னாள். பொங்கலுக்கு இங்கே வர வேண்டும் என்றும் எழுதச் சொன்னாள். இந்த முறை எழுதிவிட்டேன்.

பேச்சி அந்தப் பதினைந்தாம் தேதி உள்ளே என்ன சொன்னாள் என்று தங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அன்று திரும்பும் வழி முழுவதும் அவள் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நானும் கேட்கவில்லை. கடிதத்தை வாசித்த அன்று மாலை 5.10 வண்டிக்கு டோக்கன் கொடுக்க எழுந்தேன். வளையத்தை இரண்டு முறை சரிபார்த்தேன்.

அவள் இதுவரை சப்பாத்துப் போட்டதில்லை. அதனால் பழைய அளவு இல்லை. வண்டித் தாமதப் படிவம் ஒன்றின் பின்புறத்தில் நிற்கவைத்துப் பென்சிலால் வரைந்து இதோடு இணைத்திருக்கிறேன். இடது கால் எட்டு அங்குலம். வலது கால் எட்டேகால்.

கனகராஜ்